கயிறு பிடிப்பவன்

தண்ணீருக்கடியில் தானே இயங்கும் ரோபோக்களுக்கு ஒரு மாணவர் போட்டி நடக்கிறது, நம் பிள்ளைகளும் போக ஆசைப்படுகிறார்கள் என்று எங்கள் கல்லூரித் தாளாளரிடம் போய்ச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி ரிமோட் யார் கையில் இருக்கும் என்பதுதான். யார் கையிலும் இருக்காது என்றேன். வயர் கிடையாது, கயிறு கிடையாது, கரையிலிருந்து யாரும் ஒரு பொத்தானைக்கூட அழுத்தக் கூடாது. இயந்திரத்தைக் குளத்தில் இறக்கிவிட்டால் அது தானே பார்த்து, தானே முடிவெடுத்து, ஒரு வாசலைக் கடந்து, சிவப்பு மிதவையை முட்டி, அடியில் இருக்கும் பெட்டிக்குள் இரண்டு குண்டுகளைப் போட்டு, ஒலி வருகிற இடத்தைத் தேடிப்போய், அதற்கு நேர் மேலே மிதக்கும் வளையத்துக்குள் எழுந்து வரவேண்டும். கரையில் நிற்பவர்கள் நகம் கடிக்கலாம்.

"அப்ப நீங்கள்லாம் எதுக்கும்மா போறீங்க?" என்றார் தாளாளர். நான் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

தூத்துக்குடியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். பெயர் கோமதி, ஊர் சங்கரன்கோயில். நீச்சல் தெரியாது. கடற்கரைக்குப் போனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிற ரகம். அப்படிப்பட்டவள் இந்த அணிக்குப் பொறுப்பாசிரியை ஆனதற்குக் காரணம், அன்றைக்குத் துறைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் துறையின் தொன்றுதொட்ட வழக்கம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, என் விஷயத்தில் அது வெறும் பழமொழியாக நிற்கவில்லை.

அணியில் பலர் இருந்தார்கள். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். ஜூடு, இயந்திரவியல் மாணவன், ரோபோவின் உடம்பைக் கட்டியவன். அவன் தங்கை ப்ரின்சி, ஒரு வருடம் இளையவள், கணிப்பொறிப் பிரிவு, அதற்கு மூளை எழுதியவள். மூன்றாவது ஆள் ஜூடுவின் வகுப்புத் தோழன் வியான்னி. அவன் அப்பாவும் சித்தப்பாக்களும் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்கள். வியான்னி எதையும் கட்டவில்லை, எதையும் எழுதவில்லை. அவன் செய்தது மூழ்கியது மட்டும்.

ரோபோவுக்கு உளுவை என்று பெயர் வைத்தார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு கைப்பெட்டி அளவு, ஆறு சின்ன விசிறிகள், முன்னால் ஒரு கண். சகதியில் கிடக்கும் மீனின் பெயரையா வைப்பார்கள் என்று நான் கேட்டதற்கு, வடக்கே இருந்து வருகிறவர்கள் எல்லாரும் சுறா, திமிங்கிலம் என்றுதான் வைப்பார்கள், தோற்றால் அசிங்கம், உளுவை தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று வியான்னி சொன்னான். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

மற்றக் கல்லூரிகள் ரோபோவுக்கு வரி வரியாகக் கட்டளை எழுதும். சிவப்பு தெரிந்தால் இதைச் செய், வெளிச்சம் குறைந்தால் அதைச் செய். தண்ணீர் கொஞ்சம் கலங்கினால் அத்தனையும் குளறுபடி ஆகிவிடும். ப்ரின்சி வேறு வழி வைத்திருந்தாள். எனக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க அவளுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று.

"நீந்துறத எழுத முடியாது மேடம், கத்துக்கத்தான் முடியும். வியான்னி நெத்தியில கேமரா கட்டுவோம். கை, கால், இடுப்புல சென்சார். அவன் தண்ணிக்குள்ள எத பாத்தா என்ன செய்யுதான்னு புரோகிராம் பாத்துக்கிட்டே இருக்கும். நெறைய தடவ பாத்தப்புறம், அடுத்து அவன் என்ன செய்வான்னு அதுவே சொல்ல ஆரம்பிச்சிரும்."

"அப்படின்னா இது வியான்னி மாதிரி நீந்துமா?"

"நீந்துறது விசிறி மேடம். வியான்னி மாதிரி முடிவெடுக்கும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நானும் தலையை ஆட்டினேன்.

கல்லூரிக் கட்டடத்துக்குப் பின்னால் ஆளுயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழமான தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில்தான் வியான்னி முதல் நாள் மூழ்க வந்தான். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டான். எதற்கு என்றேன். தங்கள் வீட்டில் கயிறு இல்லாமல் யாரும் தலையை நனைப்பதில்லை என்றான். கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவன் பிடித்திருக்க வேண்டும். எப்போது மேலே வருவது என்பதைக் கீழே இருப்பவன் முடிவு செய்யக் கூடாது. மேலே நிற்பவன்தான் இரண்டு இழுப்பு இழுத்துக் கூப்பிட வேண்டும். அதுவரை கீழே இருப்பவன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"அடியில கெடக்கவனுக்குச் சங்கு கணக்கு, மேல நிக்கவனுக்கு மூச்சு கணக்கு மேடம்" என்றான். மூச்சடக்கி மூழ்குகிறவனுக்குச் சில சமயம் மூச்சு முட்டுவதே தெரியாதாம். நன்றாக இருக்கிறோம், இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று நினைக்கும்போதே மயங்கிவிடுவானாம். அதனால் அந்தக் குடும்பத்தில் உயிரை அவனவன் கையில் கொடுப்பதில்லை, மேலே நிற்பவன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிற ஒருவனைவிட நல்ல காவல் கடலில் எது. இதையும் எங்கள் எல்லாருக்கும் விளக்கிவிட்டு, கயிற்றின் முனையை எடுத்து, எவ்வளவோ பேர் சுற்றி நிற்க, வியான்னி நேராக ஜூடுவிடம் நீட்டினான்.

ப்ரின்சி மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். ஜூடு கயிற்றைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. மறுநாள் காலையில் அவனே வந்து வியான்னி இடுப்பில் முடிச்சை இறுக்கிக் கட்டினான். மூழ்குவதற்கு முன் வியான்னி அண்ணாந்து கேட்டான்.

"மேல யாரு நிக்கா?"

"நான்தாம்ல நிக்கேன், போ."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் அவன் தண்ணீருக்குள் போனதில்லை. பிள்ளைகள் காதலைத் தெரிவிக்க என்னென்னவோ செய்கிறார்கள். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

பருவத் தேர்வு விடுமுறையில் வியான்னி இறந்துபோனான். சித்தப்பாவின் படகில் ஓர் ஆள் குறைந்ததால் உடன் போயிருக்கிறான். ஜூடுவும் ப்ரின்சியும் அத்தை மகள் கல்யாணத்துக்காக மதுரையில் இருந்தார்கள். சித்தப்பா அன்றைக்குத் தன் இன்னொரு படகில் இருந்தார். வியான்னியின் கயிற்றைப் பிடித்தவர் அந்தக் குடும்பத்தோடு அதிகம் பழகாத ஒரு தொழிலாளி. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இடுப்பில் கயிறு இருந்தது, மேலே ஆள் இருந்தார், கடல் அமைதியாக இருந்தது. நெடுநேரம் கழித்து வியான்னி தானாக மிதந்து மேலே வந்தான். ஏன் அப்படி ஆயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை. கடலில் நடப்பதற்கெல்லாம் காரணம் கேட்டால் முடியுமா என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். மூழ்குவதற்கு முன் அவன் வழக்கம்போல மேல யாரு என்று கேட்டதாகவும், நான் இருக்கேன் தம்பி என்று அந்த மனிதர் சொன்னதாகவும் படகில் இருந்தவர்கள் ஜூடுவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் அதை என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இத்தோடு உளுவையை மூட்டை கட்டியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் சொன்னேன். ப்ரின்சி கேட்கவில்லை. கல்லூரி திறந்ததும் அதைத் தொட்டியில் இறக்கினாள். கயிறும் கட்டினாள். கல்லூரி விதிப்படி கயிறு கட்டாமல் அந்த விலையுயர்ந்த சாமானைத் தண்ணீரில் விடக் கூடாது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். உளுவை நேராக அடிக்குப் போய், வயிற்றைத் தரையில் ஒரு முறை மெல்லத் தொட்டு, பிறகு எழும்பி வேலையைத் தொடங்கியது.

வியான்னி அதைத்தான் செய்வான். அடியைத் தொட்டதும் உள்ளங்கையைத் தரையில் ஒருமுறை வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதை யாரும் உளுவைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது வியான்னியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எத்தனையோ விஷயங்களில் எங்களுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று. பயந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

"அழிச்சிருங்க மேடம்" என்றான் ஜூடு. "செத்தவன் நடமாடுத மாதிரி இருக்கு. என்னால பாக்க முடியல."

ப்ரின்சி அழிக்கமாட்டேன் என்றாள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் தொட்டிக்கு வந்து உளுவையை இறக்கிவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அது அடியில் சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்ததும் கயிறு சிக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுருட்டுவாள், அது மேலே வந்துவிடும். ஜூடு தொட்டிப் பக்கமே வருவதை நிறுத்தினான். அண்ணனும் தங்கையும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் என் மூலமாகவே ஒரு கிறுக்கு ஒப்பந்தத்துக்கும் வந்தார்கள். போட்டியில் ஜெயித்தால் உளுவையின் மூளையைக் காலாகாலத்துக்கும் ப்ரின்சி வைத்துக்கொள்ளலாம், ஜூடு வாய் திறக்கக் கூடாது. தோற்றால் அதை அவளே தன் கையால் அழித்துவிட வேண்டும். வேண்டாம், இது விளையாட்டில்லை என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒருசேர என்னை முறைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

போட்டி சென்னையில் ஒரு பெரிய நீச்சல் குளத்தில் நடந்தது. தண்ணீருக்குள் கேமராக்கள், பார்வையாளர்களுக்குப் பெரிய திரை, அவசரத்துக்குக் குதிக்கக் கறுப்பு உடையில் முக்குளிப்பவர்கள். தகுதிச் சுற்றில் வாசலைக் கடந்தால் போதும், கடந்ததும் முக்குளிப்பவர் ரோபோவைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார். உளுவை சுலபமாகத் தேறியது. இறுதிச் சுற்றுக்கு வந்த அணிகள் தங்கள் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டும் என்று விதி. அறிவு எல்லாருக்கும் சொந்தமாம். ப்ரின்சி காலையிலேயே ஏற்றிவிட்டாள். இன்னொரு விதி, மின்சாரத்தை நிறுத்தினால் ரோபோ தானே மிதந்து மேலே வரும்படி கட்டியிருக்க வேண்டும். எதுவும் குளத்தின் அடியில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே உளுவையின் உடம்பு மிதக்கிற உடம்பு. கீழே இருப்பதற்குத்தான் அதன் விசிறிகள் உழைக்க வேண்டும்.

எங்கள் முறை வந்தது. நடுவர் கயிறு இல்லையே என்று சோதித்துவிட்டுக் கையசைத்தார். உளுவை இறங்கியது. தரையை வயிற்றால் தொட்டது. பக்கத்து அணிப் பிள்ளைகள் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். வாசலை அது கடந்த விதத்தில் அவசரமே இல்லை. மிதவையை முட்டவில்லை, தோளால் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டுப் போனது. குண்டுகள் இரண்டும் பெட்டிக்குள் விழுந்தன. ஒலியைத் தேடும்போது நடுவில் ஒருமுறை நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பதுபோலச் சாய்ந்து, பிறகு திரும்பிப் போனது. ப்ரின்சி என் கையைப் பிடித்திருந்தாள். வளையத்துக்கு நேர் கீழே உளுவை வந்து நின்றபோது கூட்டம் எழுந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போன எந்த அணியும் அதுவரை வந்திருக்கவில்லை. இனி மேலே வருவது ஒன்றுதான் பாக்கி.

அது வரவில்லை.

அப்படியே அடியில் நின்றது. கொஞ்ச நேரம் கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. கெட்டுப்போய்விட்டதா என்று ப்ரின்சியிடம் கேட்டேன்.

"கெடல மேடம். பாருங்க, விசிறி எவ்வளவு அழகா ஓடுது. சும்மா விட்டாலே மிதந்து மேல வந்துரும். வரக்கூடாதுன்னு மெனக்கெட்டுக் கீழ நிக்குது." "ஏன்னு தெரியல."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜூடு எப்போது எழுந்து வந்தான் என்று தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கயிறு எங்க?"

"போட்டியில கயிறு கிடையாதுண்ணே."

"தொட்டியில கட்டுவியே. எப்படி மேல வரும்?"

"வேலை முடிஞ்சதும் தானா வரும். நான் சும்மா கயிற சுருட்..." ப்ரின்சி நிறுத்திக்கொண்டாள். சுருட்டும்போது கயிறு இழுபடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். எனக்குத்தான் தாமதமாயிற்று.

"ஏட்டி, மேல வரதுக்கு நாம அவனுக்குச் சொல்லியே குடுக்கல" என்றான் ஜூடு. "அவன் என்னைக்குத் தானா வந்திருக்கான்? ஒரு நாள் வந்திருப்பானா? நான் இழுத்தாத்தான் வருவான். நீ அவன பாத்துதான அதுக்குச் சொல்லிக்குடுத்த?"

அவ்வளவு முறை மூழ்கினான், அத்தனையும் உளுவை கற்றுக்கொண்டது. வாசலைக் கடப்பது வியான்னியின் முடிவு, மிதவையைத் தள்ளுவது அவன் முடிவு. மேலே வருவது மட்டும் ஒருபோதும் அவன் முடிவாக இருந்ததில்லை. உளுவை எதையும் தவறாகச் செய்யவில்லை. மேலே இருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது.

ஜூடு முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் அவன் தோளைத் தொட்டேன்.

"மத்த படகுலல்லாம் கீழ இருக்கவன்தான் கயிற ஆட்டுவான் மேடம். ஆட்டுனா மேல உள்ளவன் இழுப்பான். இவங்க வீட்டுல மட்டும்தான் இந்த முறை. அன்னைக்கு மேல நின்னவருக்கு அது தெரியாது. தம்பி கயிற ஆட்டட்டும்னு அவர் நின்னிருக்காரு. மேல இருந்து கூப்பிடுவாங்கன்னு இவன் அங்க..."

ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைத்துக் காத்திருந்த இரண்டு நல்ல மனிதர்கள். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை மாதம் யாருக்கும் விளங்காதது குளத்தின் அடியில் மஞ்சளாக நின்று விளக்கிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் நேரம் முடியப்போவதாகச் சொன்னார்கள். முக்குளிப்பவர் ஒருவர் குளத்தின் ஓரத்துக்கு வந்தார். இறங்கி ரோபோவின் பொத்தானை அணைப்பதற்காக.

"ஆஃப் பண்ணா மிதந்து வரும்லா?" என்றான் ஜூடு.

"ஆமாப்பா."

"அவனும் அப்படித்தான் வந்தான்."

நான் ஏதாவது சொல்வதற்குள் அவன் சட்டை பேண்ட்டோடு குளத்தில் குதித்துவிட்டான். விசில் ஊதினார்கள், யாரோ கத்தினார்கள். திரையில் அவன் கீழே போவது தெரிந்தது. வியான்னியைப் போல அழகாக மூழ்க அவனுக்கு வராது, கையும் காலுமாக அடித்துக்கொண்டு போனான். உளுவையின் நடுவில், தொட்டியில் கயிறு கட்டுகிற கைப்பிடியைப் பிடித்தான். மேல்நோக்கி ஒருமுறை இழுத்தான். இன்னொருமுறை இழுத்தான். கையை விட்டுவிட்டான்.

உளுவை உடனே புறப்பட்டது. அவன் பக்கத்திலேயே, அவன் வேகத்துக்கு ஏற்றபடி, வளையத்தின் நடுவில் மேலே வந்தது. விவரம் தெரியாத கூட்டம் கைதட்டியது. எங்களைத் தகுதி நீக்கம் செய்வதாக அறிவித்தார்கள்.

ஜூடு துண்டைப் போர்த்திக்கொண்டு குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ப்ரின்சி அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ நெனச்சது நடந்துட்டு. தோத்துட்டோம். அழிச்சிருதேன், போதுமா?"

"நான் தோக்கணும்னு குதிக்கல ஏட்டி." அவன் பல் கிட்டியது. "ஒருவாட்டியாவது அவன நான் மேல கூட்டிட்டு வரணும்லா."

அவள் அப்போதுதான் அழுதாள். வியான்னி இறந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். பரிசு போனதற்காக அழுகிறோம் என்று நினைத்து ஒரு நடுவர் வந்து ஆறுதல் சொன்னார்.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர், தண்ணீருக்கடியில் கப்பல்களைச் சுத்தம் செய்யும் நிறுவனத்தில் இருப்பதாகச் சொன்னார். நாங்கள் தோற்றதாக நினைக்கக் கூடாது என்றார். இந்தப் போட்டியில் தன் கண்ணில் பட்ட ஒரே ரோபோ உளுவைதான் என்றார். மேலே வராத கோளாறைச் சரிசெய்துவிட்டு எடுத்துக்கொள்வீர்களா என்று நான் கேட்டேன்.

"அய்யோ, அத ஏன் மேடம் சரி செய்யணும்? எங்க வேலையில பாதி மெஷினுங்க கொஞ்சம் சிரமம்னா உடனே மேல வந்துடும். கூப்பிடுற வரைக்கும் வராம கீழயே நின்னு வேலை பாக்கற ஒண்ணு கிடைக்காதான்னுதான் தேடிட்டிருந்தோம்." பிறகு கொஞ்சம் தயங்கி, மென்பொருள் பொதுவில் இருப்பதால் எங்கள் அனுமதி தேவையில்லை என்றும், மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். நிஜமாகவே மரியாதைக்காகத்தான் வந்திருந்தார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

அவர் போனதும் ப்ரின்சி கணினியைத் திறந்து இணையத்தில் ஏற்றியதை நீக்கினாள். எத்தனை பேர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் ஓர் எண் இருந்தது. ஜூடு பார்க்காமல் இருக்க அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

தூத்துக்குடி வந்ததும் ஒப்பந்தப்படி எங்களிடம் இருந்ததை அழித்தாள். ஜூடு வேண்டாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். இப்போது மாற்றிப் பேசுகிறாயா என்று நான் கேட்டேன்.

"நம்மகிட்ட இருக்கதுக்காவது மேல ஆள் உண்டு மேடம்" என்றான்.

ப்ரின்சி கேட்கவில்லை. "அது அவன் இல்லண்ணே. அவன் காத்துக்கிட்டு இருந்தது மட்டும்தான் அதுல இருக்கு. அத வச்சு நான் என்ன செய்ய?"

அழிப்பது ஒரு நொடி வேலைதான். மத்தியான வெயிலில் தொட்டித் தண்ணீர் சும்மா கிடந்தது.

இரண்டு வருடம் போய்விட்டது. ப்ரின்சி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஜூடு எங்கள் கல்லூரியிலேயே பயிற்சிக் கூடத்தில் இருக்கிறான். வேறு நல்ல வேலை கிடைத்தும் போகவில்லை, காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவான். போன வாரம் நானும் அவனும் துறை அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. வேறு மாநிலத்துத் துறைமுகம் ஒன்றில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன். எங்கள் கல்லூரிப் பெயரை மென்பொருளின் முதல் வரியில் பார்த்தானாம். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

கப்பல்களுக்கு அடியில் பாசி சுரண்டும் இயந்திரங்கள் அவர்களிடம் நிறைய இருக்கின்றன. பிரமாதமாக வேலை செய்கின்றன. கடலடியிலேயே கம்பங்கள் நட்டு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டதால் மேலே கொண்டுவரும் தேவையே இருக்கவில்லை. இப்போது அந்தத் துறைமுகத்தை மூடுகிறார்கள். மேலே வரச் சொல்லிக் கட்டளை அனுப்பினால் வரமாட்டேன் என்கின்றன. தூக்கினால் உதறிக்கொண்டு மறுபடி கீழே போகின்றன. வேலை இல்லை, ஆனாலும் தரையில் வரிசையாக நிற்கின்றன. எப்போதாவது ஒன்று வயிற்றால் தரையைத் தொட்டுப் பார்க்கிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது மேடம் என்றான். நாளைக்கு மின்சாரத்தை நிறுத்திவிடலாம், எல்லாம் தானாக மிதந்து வந்துவிடும் என்று மேலதிகாரி சொல்கிறாராம். அதற்கு முன்னால் வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் கூப்பிட்டானாம்.

ஜூடு டம்ளரைக் கீழே வைத்தான்.

"மேல யாரு நிக்கா?" என்று கேட்டான்.

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. "யாரும் இல்ல சார். எல்லாம் தானாத்தானே ஓடுது. மேல எதுக்கு ஆள்?"

தாளாளர் அன்றைக்குக் கேட்டதும் அதே கேள்விதான். ஜூடு எழுந்து அலமாரியைத் திறந்தான். உள்ளே அந்தப் பழைய கயிறு ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே தொலைபேசியின் பக்கம் குனிந்தான்.

"நான் வாரேன் தம்பி. அதுவரைக்கும் கரண்ட நிறுத்திராதீங்க."